தலைக்கூத்தல் தயையாகுமோ?



சில திங்களுக்கு முன்னர்த் தென்பாண்டி நாட்டு ஊரொன்றில் நிகழ்ந்த சைவ சபை ஆண்டுவிழாவில் யானும் ஒருவனாய் அமர்ந்திருந்தேன். சொற்பொழிவுகள் முடிந்து அன்பர்கள் அளவளாவிய பொழுது தலைக்கூத்தலைப் பற்றிப் பேச்செழுந்தது. சித்தாந்த சாத்திரப் பயிற்சியுடைய பெரியார் ஒருவர், "அதனைக் கொலையென்று இகழ்தல் பொருந்தாது, நோயால் நலியும் முதியோர்தம் வினையைச் சுருக்கி விடுத்தலே அது, தயையின்பாற் படும்" என்று கூறினர். கேட்டோர் சிலர் தலையசைத்தனர், சிலர் வாளாவிருந்தனர். வாளாவிருந்தாருள் யானும் ஒருவன். அன்று வாய்திறவாத குற்றத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அப்பெரியார் பெயரை ஈண்டுக் குறித்திலேன். மறுக்கப்படுவது அவர் கொள்கையேயன்றி அவரல்லர்.

தலைக்கூத்தல் இன்னதென அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுதும். எழுந்து நடமாட இயலாது கிடையிற் கிடக்கும் முதியோரை, அவர்தம் வீட்டாரே எண்ணெய் முழுக்கென்னும் பெயரால் உடல் குளிரச் செய்து உயிர் நீங்குவிக்கும் வழக்கம் அது. விருதுநகர், மதுரை முதலிய தென்மாவட்டங்களிற் சிலவிடங்களில் இவ்வழக்கம் மறைவாக நிலவி வந்தமை 2010ஆம் ஆண்டில் செய்தித்தாள்களால் நாடறிய வெளிப்பட்டது. அவ்வாண்டில், எண்பதாண்டு நிரம்பிய முதியவர் ஒருவர், தமக்கு நேரவிருப்பதனையும் தம் நிலம் பங்கிடப்படவிருப்பதனையும் வீட்டார் பேசிக்கொள்ளக் கேட்டுத் தப்பியோடி உறவினர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தனர். தயை செய்யப்படவிருந்தவர் அத்தயைக்கு அஞ்சி ஓடினார் என்னும் இவ்வொன்றே அப்பெரியார் கூற்றுக்குப் போதிய மறுப்பாகும். ஆயினும் அவர் சாத்திரம் பேசினமையின் யாமும் சாத்திரமுறையால் தடைவிடை கூறுதல் கடனாயிற்று.

அவரும் அவரோடு உடன்பட்டாரும் கூறிய தடைகள் நான்கு. முதியவர் துன்பம் அவர் வினைப்பயனாகலின் அதனை விரைந்து முடித்தல் உதவியே என்பது ஒன்று. துன்பங் காணப் பொறாத இரக்கத்தாற் செய்யப்படுவது பாவமாகாது என்பது இரண்டு. முன்னோர் வடக்கிருந்து உயிர்விட்டனர். இக்காலத்து உச்ச நீதிமன்றமும் கண்ணியமாக இறக்கும் உரிமையை ஒப்பியுள்ளது என்பது மூன்று. வறியவர்க்கு வேறு வழியில்லை என்பது நான்கு.

முதற்றடையை ஆராய்வாம். வினை சடமாகலின் தானே சென்று செய்தானைப் பற்றமாட்டாது. அவனை அறிந்து பயனைக் கூட்டுதற்கு முதல்வன் வேண்டும் என்பதன்றோ நம் சாத்திரங்கள் நாட்டிய முடிபு? அங்ஙனமாயின், அளவறிந்து ஊட்டுவோன் கையினின்றும் அகப்பையைப் பறித்து, "இவர்க்கு இவ்வளவு போதும்" என்னும் அதிகாரத்தை மகனுக்கும் மருமகளுக்கும் அளித்தவர் யாவர்? முதியவர் நுகரும் துன்பம் அவர்க்குப் பிராரத்தமாகுக. அத்துன்பத்தின் முன் நின்று நாம் செய்வது நமக்கு ஆகாமியம், செய்யாதொழிவதும் ஆகாமியமே. அவர் கணக்கை முடிப்பதாக எண்ணுவார் தம் கணக்கையே பெருக்குகின்றனர். திருநாவுக்கரசர்க்குச் சூலை வந்த காலத்து, "பிறசமயம் புக்க வினையை நுகர்க" என்று திலகவதியார் கதவடைத்திலர். அச்சூலை இறைவன் தந்ததே என்பது சேக்கிழார் வாக்கால் நாம் அறிந்ததன்றோ? அங்ஙனமிருந்தும், வந்த தம்பியாரை ஏற்று, திருநீறளித்து, வீரட்டானத்திற்கு உடனழைத்துச் சென்றனர். வினைக் கொள்கை தன்னைத் தான் நோக்குதற்குரிய கண்ணாடி. பிறர் புண்ணின்மேல் வைத்தற்குரிய கல்லன்று.

இரண்டாந் தடை இரக்கம் என்பது. துன்பங் காணப் பொறுக்கவில்லை என்பாரை யாம் ஒன்று வினவுவோம்: பொறுக்கலாகாதது முதியவர் துன்பமோ, காண்பவர் துன்பமோ? முன்னதாயின், நோவு தணிக்கும் மருந்தும், புண் வாராது புரட்டிக் கிடத்தும் கையும், அருகிருந்து பேசும் வாயும் அதற்கு விடையாகும். பின்னதாயின், காண்பவர் துன்பத்திற்குக் காணப்படுபவர் உயிரை விலையாகக் கொடுத்தல் எந்நூலிற் கூறிய இரக்கம்? உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், மாயையின் காரியமாகிய உடம்பினை விடியுமளவும் இருளில் உதவும் விளக்காக உவமித்தனர். ஆன்மா மலபரிபாகம் எய்துதற்கென முதல்வன் ஏற்றிய விளக்கு இவ்வுடம்பு. ஒளி குன்றிற்று என்று கூறி அதனை அணைத்தற்குப் பிறரொருவர்க்கு உரிமையில்லை. திரியைத் தூண்டுதற்கு வேண்டும் எண்ணெயை, விளக்கை அவித்தற்கு வார்ப்பாரை என்னென்பது!

மூன்றாந் தடையினர் இரண்டு சான்று காட்டினர். வடக்கிருந்தவன் கோப்பெருஞ்சோழன். அவனை ஒருவரும் வடக்கிருத்தவில்லை, தானே துணிந்திருந்தான். அத்துணிபு சைவ நெறிக்கு ஒக்குமோ என்பது வேறாராய்ச்சி. துணிந்தவன் அவனே என்னும் துணையே ஈண்டைக்கு வேண்டுவது. உச்ச நீதிமன்றத்தார் 2018 மார்ச்சு 9ஆம் நாள் அளித்த தீர்ப்போ, மீளா நிலையெய்தினார்க்குச் செயற்கையாக உயிர் நிறுத்தும் மருத்துவத்தை விலக்குதல் பற்றியது. உயிரோடிருப்பாரை ஏதேனுஞ் செய்து கொல்லுதல் பற்றியதன்று. ஒருவர் தெளிந்த அறிவோடிருக்கும் காலத்துத் தம் விருப்பத்தை எழுதிவைக்க அத்தீர்ப்பு இடந்தருகின்றது. விலக்குதற்கு முன் மருத்துவர் குழுக்கள் ஆராய்தல் வேண்டுமென விதிக்கின்றது. 2023 சனவரியில் நடைமுறை சிறிது எளிதாக்கப்பெற்ற பின்னரும் இவ்வடிப்படை மாறவில்லை. அத்தீர்ப்பின் உயிர்நிலை நோயாளரது விருப்பம். தலைக்கூத்தலின் உயிர்நிலை வீட்டாரது விருப்பம். இருளை ஒளிக்குச் சான்றாகக் காட்டினாற்போல அதனை இதற்குச் சான்றாகக் காட்டினர். இனிச் சட்டமும் ஐயத்திற்கு இடந்தரவில்லை. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையும், அதற்கு முன்னிருந்த தண்டச் சட்டமும், நோயுற்றுக் கிடப்பார்க்கு ஊறு செய்து அவர் சாவினை விரைவுபடுத்தியவனைச் சாவினை விளைத்தவனாகவே கொள்கின்றன. "எப்படியும் போகவிருந்த உயிர்தானே" என்னும் சமாதானம் ஆண்டுச் செல்லாது.

"முதியவரே 'என்னை அனுப்பிவிடுங்கள்' என்று வேண்டினால் என் செய்வது?" என ஒருவர் வினவலாம். அவ்வேண்டுகோள் அவர் உள்ளத்தினின்றும் எழுந்ததோ, வீட்டார் முகத்திற் கண்டதன் எதிரொலியோ என்று முன்னர் ஆராய்க. நாள்தோறும் சலிப்பு முகமே காண்பவர், தம்மைப் பாரமென்றே சொல்லிக்கொள்வர். மருத்துவம் வேண்டா, மருந்து போதும் என்று தெளிவோடு அவர் மறுப்பாராயின் அதுவும் அவர் சொல்லே. அதனை மதித்தல் வேண்டும். மறுத்தாரை வற்புறுத்தாமை வேறு; வேண்டாதாரைக் கொல்லுதல் வேறு.

இனி, நான்காந் தடையே வலியுடையது. அதனைச் சாத்திரச் சொற்களால் மட்டும் தள்ளிவிடின், வயிறு நிறைந்தோன் நோன்பின் சிறப்பை உரைத்ததாக முடியும். ஆகலின் யான் நேரிற் கண்டது ஒன்று கூறுவேன்.

இராமநாதபுர மாவட்டத்துக் கடலோரத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே காரங்காடு என்னும் மீனவரூர் உளது. அலையாத்திக் காட்டினிடையே வனத்துறையினர் ஊராரோடு சேர்ந்து படகு விடுகின்றமையின் வெளியூரார் பலர் அவ்வூர்க்கு வருகின்றனர். அங்குத் தலைக்கூத்தல் உண்டென்று யான் கூறவந்திலேன். அதற்கு மறுதலையானதொரு காட்சியையே ஆண்டுக் கண்டேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னை ஒரு வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். எண்பதாண்டு கடந்த மீனவ முதியவர் ஒருவர் கயிற்றுக்கட்டிலிற் கிடந்தனர். மூன்றாண்டுக்கு முன் முற்றத்தில் வழுக்கி வீழ்ந்தமையின் அவர் இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்து மருத்துவமனையொன்றிற்குக் கொண்டுசென்றனர். ஆண்டு நிகழ்ந்ததனை அவர் என்னிடம் ஒரே வாக்கியத்திற் கூறினர்: "ஐயா, ஒடிந்தது என் எலும்பு, அறுக்கலாமா வேண்டாமா என்று கேட்டது என் மகனை."

மகன் வேண்டாவென்றான். அவனைக் கொடியனென்று எண்ணற்க. அறுவைக்குப் பணம் வேண்டுவதில்லை. அரசு மருத்துவமனையில் அஃது இலவசமே. ஆயின் உடனிருக்க ஆள் வேண்டும். உடனிருப்பவன் கடலுக்குப் போகலாகாது. கடலுக்குப் போகாத நாள் அடுப்பெரியாத நாள். இலவசம் என்று எழுதிய பலகையின் கீழும் வறியவன் விலை கொடுத்தே நுழைகின்றான் என்பதனை யான் அன்றறிந்தேன். இதே முறிவு செல்வர் இல்லத்து முதியவர்க்கு நேர்ந்திருப்பின் ஓரிரு நாளில் அறுவை நிகழ்ந்திருக்கும். கோலூன்றியேனும் நடக்கத் தொடங்கியிருப்பர். செல்வர் வீட்டில் நோய் எனப்படுவது வறியவர் வீட்டில் முதுமை எனப்படுகின்றது. கண்ணிற் படலம், காதிற் கேளாமை, நீரிழிவு, இடுப்பு முறிவு எல்லாம் ஆண்டு "வயதாயிற்று" என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடும். வயதாயிற்று என்று பெயரிட்ட பின் மருத்துவத்திற்கு இடமில்லை, முழுக்கிற்கே இடமுண்டு. தலைக்கூத்தலின் வேர் ஈண்டுக் கிடக்கின்றது.

அம்முதியவரைப் பேணுபவர் அவர் மகள். கருவாடு காயவைக்கும் கூலிவேலை செய்பவர். கட்டிற் காலினின்றும் கதவு நிலைக்கு ஒரு பழைய வலைக்கயிறு கட்டப்பெற்றிருந்தது. அதனைப் பற்றி முதியவர் தாமே எழுந்தமர்வர். அதற்கு முடிச்சிட்டவரும் அவரே. அவர் நடுங்கும் கையால் உண்டு முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. "நீ ஊட்டிவிட்டால் விரைவில் முடியுமே, அம்மா" என்றேன். அவ்வம்மையார், "முடியும் ஐயா, ஆனால் அது அவர் உண்டதாகாது, நான் உண்பித்ததாகும்" என்றனர். அவர்கள் நம் சமயத்தவரல்லர், கிறித்தவர். திருமடத்திற் கற்று, நாற்பதாண்டு பிறர்க்குக் கற்பித்த யான், தொண்டின் இலக்கணத்தை அக்குடிலிற் புதிதாகப் பாடங்கேட்டேன்.

கேட்டவுடன் என் நினைவிற்கு வந்தது திருவிளையாடற் புராணத்து வந்தியின் வரலாறு. வையை பெருகிக் கரையழிந்த பொழுது, குடிகள்தோறும் கரையை அளந்து பங்கிட்டனர் பாண்டியன் ஏவலர். ஆண்மக்கள் நிறைந்த வீட்டிற்கும் பங்கு. பிட்டு விற்றுப் பிழைக்கும் துணையற்ற முதியவளாகிய வந்திக்கும் பங்கு. எல்லார்க்கும் ஒப்ப அளந்தமையின் அது நீதியென்றே ஏவலர் எண்ணியிருப்பர். நிலையால் ஒவ்வாதாரை ஒரு கோலால் அளப்பது நீதியன்று என்பதனைக் காட்டவன்றோ சொக்கலிங்கப் பெருமான் கூலியாளாய் எழுந்தருளினான்? "முதுமையும் தனிமையும் நின் வினை" என்று அவளிடம் அவன் கூறவில்லை. "இரக்கத்தால் உதவ வந்தேன்" என்றும் கூறவில்லை. அவள் கொடுக்கவல்ல கூலியாகிய உதிர்ந்த பிட்டினைக் கேட்டுப் பெற்றான். அதனால் வந்தி இரப்பவளாகவில்லை. ஆள் வைத்து வேலை செய்விப்பவளாயினள். உதவி பெறுவார் தலை தாழாத வண்ணம் உதவும் முறை அது. பின்னர்ப் பிரம்படி வீழ்ந்தபொழுது அஃது அரசன் முதுகிலும் பட்டது. அவையோர் முதுகிலும் பட்டது. எல்லாவுயிர் மேலும் பட்டது. துணையற்ற ஒரு முதியவள் பங்கு அடைபடாது கிடந்தால் அதன் அடி எல்லார்க்கும் உரியது என்பதே அவ்விளையாடலின் கருத்தென்று கொள்க.

இக்காலத்துக் கரையளப்பையும் நோக்குவாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப்பேர்க்கு மேற்பட்டோர் அறுபதாண்டு நிரம்பினோர். அரசினர் ஒன்றும் செய்திலர் என்று கூறுதல் பொய்யாகும். 2007ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பெற்றது; முதியோரைக் கைவிடுதல் அதனாற் குற்றமாயிற்று. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கி, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கு மருந்து வீடுதேடிச் சென்றது. 2022 சனவரியில் இராமநாதபுரத்து அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. 2023இல் முதியோர் உதவித்தொகை திங்களுக்கு 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. 2024இல் சென்னைக் கிண்டியில் முதியோர்க்கென்றே 200 படுக்கைகளுடைய தேசிய மருத்துவமனை திறக்கப்பெற்றது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயின் காரங்காட்டுக் கயிற்றுக்கட்டிலுக்கும் கிண்டிப் படுக்கைக்கும் இடையே நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி கிடக்கின்றது. 2018இல் மத்திய அரசினர் பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிந்தெடுத்த பொழுது தமிழ்நாட்டிற் குறிக்கப்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகருமே என்பதனையும், தலைக்கூத்தற் செய்தி எழுந்த நிலப்பகுதி அதுவே என்பதனையும் சேர்த்து எண்ணுக. மகனைத் தண்டிக்கும் சட்டம் வேண்டுவதே. அவன் ஒரு கிழமை கடலுக்குப் போகாது தந்தையோடு மருத்துவமனையில் இருத்தற்கு வழிசெய்யும் ஏற்பாடு அதனினும் வேண்டுவது. அரசினர் அதனை ஆராய்வாராக.

அரசினரை மட்டும் குறைகூறி அமைதல் நமக்குத் தகுதியன்று. குடமுழுக்கிற்கும் மாநாட்டிற்கும் பொருள் திரட்டும் நம் சபைகள், தம் ஊர்க் கிடைநோயாளர் எத்துணையர் என்று எண்ணியதுண்டோ? நடமாடும் அடியார்க்கு ஈந்தது கோயிலுறையும் கடவுளைச் சென்று சேரும் என்பது திருமூலர் உபதேசம். நடமாட இயலாது கிடப்பார்க்கு ஈந்தது சேராதோ? ஒவ்வொரு சபையும் செய்யத்தகுவன சில கூறுவேன். கிடைநோயாளர் இல்லத்திற்குக் கிழமைக்கு ஒரு நாள் சென்று அவரோடிருந்து, பேணும் மகளிர்க்கு ஓய்வளிக்க. பேணுபவரும் ஓர் உயிரென்பதனை மறந்து, மருமகளை மட்டும் பழித்தல் நம்மவர் பழங்குற்றம். மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்க்கு உடனிருப்பவராகச் சபையன்பர் ஒருவர் முறைவைத்துச் செல்க. உடனிருக்கும் மகனுக்கு அந்நாட் கூலியைச் சபை கொடுக்க. ஆண்டுச் சென்றபொழுது மருத்துவர் மகனை நோக்கிப் பேசுவாராயின், "ஐயா, நோயாளரை நோக்கிக் கூறுக" என்று பணிவோடு சொல்லுக.

ஈதெல்லாம் பிறர்க்கு உபதேசிக்கும் யான் குற்றமற்றவனல்லேன். என் அன்னையார் தம் இறுதி ஈராண்டு என் இல்லத்தில் இருந்தனர். வேளைக்கு உணவும் மருந்தும் குறைவற நடந்தன. சம்பந்தப் பெருமான் பாடிய திருவாடானைத் திருக்கோயிலை ஒருமுறை காணவேண்டுமென்று அவர் கேட்டனர். "உடம்புக்கு ஆகாது" என்று விடையளித்தேன். மருத்துவரைக் கேட்டேனல்லேன், அவரையும் மீளக் கேட்டேனல்லேன். எனக்கு நேரமில்லாமையே உண்மைக் காரணம். அதன்பின் அவர் ஒன்றும் கேட்டிலர். யான் அதனை நிறைவென்று எண்ணினேன். அது நிறைவன்று, கேட்டுப் பயனில்லை என்று கண்டு அடங்கிய அடக்கமென்பது, காரங்காட்டு வலைக்கயிற்றைக் கண்ட நாளிலன்றோ எனக்கு விளங்கிற்று! உயிரைப் போக்குதல் கொடிய எல்லை; விருப்பத்தைப் போக்குதல் அவ்வெல்லைக்குச் செல்லும் வழி. அவ்வழியில் நம்மிற் பலர் நல்லவராகவே நடந்துகொண்டிருக்கின்றோம்.

கயிலைக்குச் செல்லத் துணிந்து, கால் தேய்ந்து, உடலால் ஊர்ந்து சென்ற முதிய நாவுக்கரசரை, முனிவராய் வந்த இறைவன் மீள்க என்றனன். அவர் மீளேன் என்றனர். இறைவன் அவரைத் தூக்கித் திருப்பி விடவில்லை. அவர் வேட்ட காட்சியைத் திருவையாற்றிற் காட்டியருளினன். முதியவர் விருப்பத்தை இறைவனே மதித்தனன் என்றால், மதியாதொழிதற்கு நாம் யார்? அதன் பின்னரும் அப்பெருந்தகையார் உழவாரம் ஏந்தித் திருப்புகலூரில் தொண்டாற்றினர். எண்பத்தோராண்டு வாழ்ந்தனர் என்பது மரபு. அவர் ஊர்ந்து சென்ற நாளில் நம்மனையார் சிலர் அருகிருந்திருப்பின், இனி இவ்வுடம்பால் யாது பயன் என்று கூறியிருப்பரன்றோ?

ஆதலின், தலைக்கூத்தல் தயையாகாது, கொலையே. அதனைத் தயையென்று கூறச் சித்தாந்தத்தைத் துணைக்கழைத்தல் அக்கொலையினும் பெரிதாகிய சிவாபராதம். வருகின்ற ஆண்டுவிழாவில் அப்பெரியார் அக்கொள்கையை மீளவும் கூறுவாராயின், யான் வாளாவிரேன். அவரும் முதியவர், யானும் முதுமை எய்திக்கொண்டிருப்பவன். நாம் இருவரும் கிடையில் வீழுங்காலத்து நம்மருகே நிற்பார், நாம் இன்று நாட்டும் கொள்கையையே நமக்குச் செய்வர் என்பதனையும் அவரிடம் நினைவூட்டுவேன்.

திருச்சிற்றம்பலம்.